மணி அடிக்கும்வரை கண் திறக்க வேண்டாம்

கொஞ்சம் வெந்நீர் கிடைத்தால் நன்றாக இருக்கும். தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அறையின் ஏசிக் காற்று எனக்கு எப்போதுமே ஒத்துக்கொள்வதில்லை. வகுப்பு நீண்டுபோகிற நாட்களில் இப்படித்தான் ஆகும். பேசிப் பிழைக்கிறவனுக்குத் தொண்டைதான் முதல். ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இன்று வகுப்பில் நடந்ததைக் கேட்கிறீர்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம், தவறாக நினைக்காதீர்கள், ஐயா. அறைக்குள் வந்ததிலிருந்து உங்கள் தோள் இரண்டும் காதுக்கு ஏறி நிற்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுதுகிறவர் பிடித்திருக்கிற பிடியில் பேனாவுக்கே மூச்சு முட்டும். தொழில் பழக்கம், கண்ணில் பட்டது, சொல்லிவிட்டேன். இந்தக் காலத்தில் இறுகிப் போகாத மனிதர் யார் இருக்கிறார்கள்?

எங்கள் அலுவலகம் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர், இவை கெட்டுப்போனால் அழைக்கச் சொல்லி ஒரு எண் ஒட்டியிருக்குமே, அந்த எண்ணில் எடுத்துப் பேசுகிறவர்கள் நாங்கள். மெஷினைச் செய்தவர் வேறு, விற்றவர் வேறு, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கிறவர் வேறு. திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் கொடுத்து உட்கார வைக்கப்பட்டவர்கள் மட்டும் நாங்கள். மெஷின் தன் சட்டையைக் கடித்துவிட்டது என்று ஒருவர் என்னைப் பெற்றவர்களை இழுத்துப் பேசியிருக்கிறார். சட்டைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுதான். எதிர்முனையில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் நாமும் சாதாரணமாகப் பதில் சொல்லலாம். கத்த ஆரம்பித்துவிட்டால் குறுக்கே பேசக் கூடாது, போனை வைக்கவும் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய குரலில், ‘புரியுதுங்க’ என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் மூச்சு வாங்குகிற போதெல்லாம் ஒரு ‘புரியுதுங்க’. கத்தாதவரிடம் அப்படிச் சொன்னால் கிண்டல் செய்கிறோம் என்று கோபித்துக்கொள்வார். கத்துகிறவருக்கு மட்டும்தான் அந்த மருந்து. எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், அக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். வீட்டில் அவர் கணவர் குரலை உயர்த்தினால் கூட வாய் தானாகப் ‘புரியுதுங்க’ என்று சொல்லிவிடுகிறதாம். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

நானும் பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண்மணி, குளிக்க வெந்நீர் வரவில்லை என்பதற்காக, சாப்பாட்டு வேளை தாண்டும்வரை கத்தினார். எல்லாவற்றுக்கும் புரியுதுங்க சொன்னேன். அழைப்பு முடிந்ததும் எழுந்து போய்க் கழிவறைக் கண்ணாடியில் நெற்றியை வைத்தேன். வைத்தேன் என்பதுதான் எனக்கு ஞாபகம். உடைகிறவரை முட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். வாஷ்பேசினில் தண்ணீர் சிவப்பாகச் சுற்றிச் சுற்றி இறங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவருக்குக் காதோரம் தையல் போட வேண்டியிருந்ததாம். கண்ணாடித் துண்டு தெறித்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் என்னை ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பயிற்சியாளர் அம்மா என்னைத் தரையில் படுக்க வைத்து, புல்லாங்குழலும் மழைச் சத்தமும் கலந்த ஓர் இசையை ஓடவிட்டு, கால் விரலிலிருந்து நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாக இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். பிடித்திருக்கச் சொல்வார். பிறகு விடச் சொல்வார். இறுக்கத் தெரிந்தால்தான் விடத் தெரியும், தம்பி, என்பார். என் வாழ்க்கையில் எனக்குச் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அது. பல வாரம் போனேன். வெளியே வந்தபோது நான் வேறு ஆள். அன்றிலிருந்து இன்றுவரை நான் கோபப்பட்டதே இல்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளலாம்.

அப்போதிருந்த பழைய மேலாளர் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். அலுவலகத்தில் வகுப்பு எடுக்கிறேன் என்று நான் போய்க் கேட்டபோது மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அதைக் காதிலிருந்து எடுத்த அந்த நிமிடம் இருக்கிறதே, சிறையிலிருந்து வெளியே வந்தவனைக் கேட்டால் சொல்வான். மறுபடி அதை மாட்டிக்கொள்வதைவிடச் சாவது மேல் என்று அன்றைக்கே நினைத்தேன்.

வகுப்புக்குக் கொடுத்த அறை முன்பு குரல் பதிவு செய்கிற அறை. சுவரெல்லாம் ஸ்பஞ்சு ஒட்டியிருக்கும், உள்ளே குண்டு போட்டாலும் வெளியே கேட்காது. பாய்களை வரிசையாக விரிப்பேன். திரையை இழுத்துவிடுவேன். இசையை ஓடவிட்டுக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடுவேன். கையில் ஒரு மணி வைத்திருப்பேன், மரப்பிடி போட்ட பழைய வெண்கல மணி, பள்ளிக்கூடத்தில் கையால் ஆட்டி அடிப்பார்களே அந்த மாதிரி, நல்ல கனம். வகுப்பில் ஒரே ஒரு விதிதான். மணி அடிக்கும்வரை கண் திறக்க வேண்டாம். என்ன சத்தம் வந்தாலும் வரட்டும், போகட்டும்.

இதற்கு அவர்களை நான் பழக்க வேண்டியிருந்தது. நடு வகுப்பில் ஓர் எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவேன். நாற்காலியைத் தூக்கிச் சுவரில் எறிவேன். ஆரம்பத்தில் துள்ளி எழுந்து உட்கார்ந்தார்கள். யார் கண் திறக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இமையின் மேல் கட்டைவிரலை வைத்து, கண் தானாக அடங்குகிறவரை அழுத்திப் பிடிப்பேன். இதில் வலிக்க என்ன இருக்கிறது? வேகமாகப் பேசுவதால் தந்தி என்று பேர் வாங்கிய பெண் ஒருத்திக்கு மட்டும் இரண்டு நாள் கண் சிவந்திருந்தது. அதன் பிறகு அவள் வகுப்பில் பேசியதே இல்லை. போகப் போக நாற்காலி தலைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தாலும் ஓர் இமை ஆடாது. அப்படி ஓர் ஆழம். தாரிலே குருவி ஒட்டிக்கொண்ட மாதிரி எல்லோரும் பாயோடு பாயாகக் கிடப்பார்கள்.

எனக்கு அவர்கள் வைத்த பேர் அமைதி. நடையில் நான் வருவதைப் பார்த்தால் ஒருவருக்கொருவர் “அமைதி வர்றார்” என்று சொல்லிக்கொள்வார்கள், உடனே பேச்சு நின்றுவிடும். ஓர் ஆசிரியனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? ஒவ்வொரு வகுப்பையும் பதிவுசெய்து, வீட்டில் போட்டுக் கேட்கச் சொல்லி எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். கேட்டேன் என்று யாரும் வந்து சொன்னதில்லை. கூச்சமாக இருக்கும்.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவி இப்போது அவளுடைய அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சண்டை என்று எதுவும் இல்லை. நான் ஏதாவது எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் அவள் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவாள். தெருப் புழுதி. பிறகு சமையலறை மூலையில் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, மெல்ல முனகுவாள். காதைப் பொத்தி முனகும் மூச்சுப் பயிற்சி என்று ஒன்று உண்டு, நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லாமலே அவள் அதைச் செய்வதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். ஒருநாள் அவள் கையைப் பிடித்து, மணிக்கட்டை எப்படித் தளர்த்துவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். எலும்பு கொஞ்சம் பலவீனம் போலிருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது அவளுடைய அண்ணனும் கூடவே வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“மாப்பிள்ளை, உங்களுக்கு நீங்க என்ன பண்றீங்கன்னே தெரியல.”

நான் சிரித்துக்கொண்டேன். பாவம், அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு.

அவள் போன பிறகு மாலை நேரத்து இசை ஒன்றுதான் துணை. மாடியில் ஒரு வாடகைக்காரர் வந்தார், அதே நேரத்துக்குச் சுவரில் துளை போடுகிறவர். நான் மேலே போய் நியாயமாகத்தான் பேசினேன். அவர் கதவை மூடப் போனார். நானும் உதவினேன். அவருடைய விரல்கள் அப்போது கதவிடுக்கில் இருந்தன. கதவு முழுதாக மூடவில்லை என்பதால் மறுபடி உதவ வேண்டியிருந்தது. அந்த வாரமே காலி செய்துவிட்டுப் போனார். அன்று மாலை புல்லாங்குழல் எவ்வளவு சுத்தமாகக் கேட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மன அழுத்தத்துக்கு இரண்டு வைத்தியம் இருக்கிறது. சுமையைத் தாங்கிக்கொள்ளப் பழகுவது ஒன்று. சுமையை இறக்கி வைத்துவிடுவது மற்றொன்று. முதல் வைத்தியத்தையே நான் அத்தனை வருடம் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

இனி மீட்டருக்கு வருகிறேன். புதிதாக வந்த மேலாளரை அலுவலகத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஓர் அழைப்பு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார், அதனால் அந்தப் பேர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்த மாதமே எல்லோருக்கும் முதுகு வலிக்காத நாற்காலி வாங்கிப் போட்டார். கத்துகிறவர்களின் அழைப்பு எல்லை மீறினால் வைத்துவிடலாம் என்று புது உத்தரவும் போட்டார். அன்று தந்தி மேசைக்குக் கீழே குனிந்து அழுதாள். நாற்காலியை மாற்றினால் மனசு மாறிவிடுமா? ஆனால் அவர் வந்த பிறகு வகுப்புக்கு வருகிறவர்களின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. கதவைத் தாழிடும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பெருமூச்சின் தோள் விஷயம் நடந்தது. பெருமூச்சு என்றால் எங்கள் ஆள் ஒருவர், உட்கார்ந்தால் ஒரு பெருமூச்சு, எழுந்தால் ஒரு பெருமூச்சு. அவருடைய வலது தோள் எவ்வளவு சொன்னாலும் தரையைத் தொடவே தொடாது. வகுப்பையே அந்த ஒரு தோள் கெடுத்துக்கொண்டிருந்தது. முழங்காலை அதன் மேல் வைத்து, மெதுவாக என் கனத்தை இறக்கினேன். ஒரு சத்தம் வந்தது, தோள் தரையைத் தொட்டது. அவர் கண் திறக்கவில்லை. “புரியுதுங்க,” என்றார். “புரியுதுங்க, புரியுதுங்க.” எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. இத்தனை வருடப் பாடம் ஒருவருக்காவது புரிந்ததே என்று.

மறுநாள் மீட்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. உங்க வகுப்புக்குப் போகவே பயமா இருக்குன்னு சொல்றாங்க.”

யார் சொன்னது என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பேர் சொல்ல மாட்டேன் என்றார். அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு வேண்டாம், இசை கேட்க விரும்புகிறவர்கள் அவரவர் போனில் கேட்டுக்கொள்ளட்டும், எனக்கும் வேலை போகாது, பழையபடி ஹெட்போன் நாற்காலியே காத்துக்கொண்டிருக்கிறது என்றார். மேசை மேல் புது ஹெட்போன் ஒன்று பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. எனக்காகவே வாங்கி வைத்திருந்தார் போல.

அதனால்தான் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அதைப் பார்த்தபோது என் நெஞ்சில் ஒரு சலனமும் இல்லை. நாலு மூச்சு இழுத்து விட்டேன். ஒரே ஒரு தடவை நீங்களே வந்து படுத்துப் பாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் யோசித்தார். நியாயமான மனிதர் என்று சொன்னேனே.

“சரி சார். நானே வந்து பாத்தாதான் எனக்கும் மனசு ஒப்பும். நாளைக்கு வர்றேன்.”

இன்று காலை வந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். அக்காவுக்குப் பக்கத்துப் பாயைக் காட்டினேன், படுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மார்பின் மேல் வைத்துக்கொண்டார். பெருமூச்சும் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார், வரவில்லையென்றால் நான் வருத்தப்படுவேன் என்று. கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். மழைச் சத்தம் தொடங்கி, அதன் மேல் புல்லாங்குழல் வந்தது. பதிவையும் ஓடவிட்டேன்.

கால் விரல்களிலிருந்து ஆரம்பித்தோம். இறுக்குங்கள். பிடித்திருங்கள். விடுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு. வரிசைகளுக்கு நடுவே மணியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எல்லோரும் அருமையாகச் செய்தார்கள். மீட்டர் மட்டும் செய்யவில்லை. ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்திருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வகுப்பில் ஒருவர் கண் திறந்திருந்தால் போதும், குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போல. பக்கத்தில் உட்கார்ந்து இமையில் கட்டைவிரலை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தள்ளினார். “சார், போதும், எழுந்துக்கறேன்” என்றார். எழுந்திருக்க விடக் கூடாது, ஐயா. ஆழத்தில் இருக்கிறவனைத் திடீரென்று எழுப்பினால் உடம்புக்குக் கெடுதல்.

முழங்காலை அவர் மார்பில் வைத்தேன். கண்ணாடி நொறுங்கியது எனக்குத் தெரிந்தது. அடுத்த உறுப்பு கைகள். வகுப்பை நிறுத்த முடியாதே. “கைகளை இறுக்குங்கள்” என்று சொன்னேன். அவர்கள் இறுக்கினார்கள். நானும் இறுக்கினேன். என் கைகள் அவர் கழுத்தில் இருந்தன. பிடித்திருங்கள் என்றேன். அவர்கள் பிடித்திருந்தார்கள். அவருடைய குதிகால் பாயில் அடித்துக்கொண்டிருந்தது, மழைச் சத்தத்தோடு அது ஒருமாதிரி பொருந்தியே போனது. விடுங்கள் என்றேன். அவர்கள் விட்டார்கள். நான் மட்டும் விடவில்லை. ஒரு பயிற்சியாளனுக்கு எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதல் பயிற்சி தேவை.

அவர் என் முகத்தைக் கீறினார், இதோ இந்தக் காயம் அதுதான். என் பிடி நழுவியது. தவழ்ந்து அக்காவின் பாய்க்குப் போய் அவருடைய புடவையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அசையவில்லை. அப்போதுதான் மணியை எடுத்தேன். ஒன்று சொல்ல வேண்டும், மணியின் நாக்கை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சத்தம் வந்தால் மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள் அல்லவா? அந்த நேரத்திலும் எனக்கு அந்த அக்கறை இருந்தது. தலையின் பின்பக்கம் முதலில். அவர் புடவையை விடாததால் மறுபடியும். பிறகு முகத்தைத் திருப்பி வைத்து. எத்தனை தடவை என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள், அது சரியாகத்தான் இருக்கும், நான் எண்ணவில்லை. கடைசியில் அவருடைய தோள் இரண்டும் பாயைத் தொட்டன. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. நெற்றி என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை என்பது வேறு விஷயம். அவ்வளவு முழுமையாகத் தளர்ந்த ஓர் உடம்பை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

அது முழுக்க நான் வகுப்பை நடத்திக்கொண்டே இருந்தேன். மெல்லிய குரலில், ஒரே சீராக. தோள், கழுத்து, தாடை, கண், நெற்றி என்று எதையும் விடவில்லை. அவர்களும் எனக்குப் பதில் சொன்னார்கள். முதலில் அக்காதான் ஆரம்பித்தார், கண் மூடியபடியே, “புரியுதுங்க.” பிறகு பெருமூச்சு. பிறகு தந்தி. பிறகு அறை முழுக்க. புரியுதுங்க, புரியுதுங்க என்று, மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு மழை போல. நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். அத்தனை பேர் வாய்விட்டுச் சம்மதம் சொன்ன ஒரு காரியத்துக்கு அந்தப் பேர் பொருந்துமா என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் மணியைத் துடைத்து, நாக்கை விட்டு, மெதுவாக ஒரு தடவை அடித்தேன். வலது பக்கம் திரும்பி, மெல்லக் கண் திறந்து எழுந்திருங்கள் என்றேன். ஒருவரும் திறக்கவில்லை. மறுபடி அடித்தேன். இல்லை. அக்காவின் பாய் நனைந்து, தலைமுடி நனைந்து, அப்படியும் அவர் இமை அசையவில்லை. கண்ணோரத்தில் மட்டும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. உள்ளே அடைத்துக்கிடந்ததெல்லாம் வெளியே வரும்போது அப்படித்தான் வரும். என் வகுப்புகளிலேயே ஆழமான வகுப்பு அது. அவர்களை எழுப்ப மனசு வராமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இசை முடிந்து தானாகத் திரும்ப ஆரம்பித்தது. தேநீர் கொண்டு வருகிறவர் கதவைத் தட்டினார். நான்தான் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். தட்டை அவர் கீழே போட்டுவிட்டார். அந்தச் சத்தத்துக்கும் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரத்தில் செய்திருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன். இதில் ஆத்திரம் என்பது பேருக்குக் கூடக் கிடையாது. வேண்டுமென்றால் பதிவைப் போட்டுக் கேளுங்கள். அதைத்தான் வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் குரல் எப்படி இருந்தது என்று அதிலேயே இருக்கும்.

போடுங்கள். நானும் கேட்கிறேன்.

மழைச் சத்தம், சரி. புல்லாங்குழல், சரி. கால் விரல்களை இறுக்குங்கள், அது நான்தான்.

இது யார்?

கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள், காது வலிக்கிறது. புல்லாங்குழலே கேட்கவில்லை, அப்படிக் கத்துகிறார் ஒருவர். மணி வேறு நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. மணி அடித்தால் கண் திறக்க வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், ஏன் ஒருவரும் திறக்கவில்லை? ஹெட்போனை மாட்டச் சொல்லுவியா, மாட்டச் சொல்லுவியா என்று கேட்கிறார். யாரிடம் கேட்கிறார்? தொண்டை கிழிந்துவிடும் போலிருக்கிறது. பாவம், அக்கா அவருக்கும் புரியுதுங்க சொல்கிறார், கேட்டீர்களா?

நிறுத்திவிடுங்கள், ஐயா. பதிவில் ஏதோ கோளாறு, வேறு எங்கேயோ நடந்தது இதில் கலந்திருக்கிறது. இந்த மனிதர் என் வகுப்பில் இல்லை. இவ்வளவு கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒருவர் நடமாடுவது யாருக்கும் நல்லதில்லை, நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியது அவரைத்தான். கிடைத்தால் அடிக்காதீர்கள், என்னிடம் அனுப்பிவையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தரையில் படுக்கச் சொன்னால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.